மலையிறங்கிய மகன்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் வந்த விருந்தாளி மாதிரி கிளம்பவே மாட்டேன் என்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? குருமடத்துச் சமையலில் இன்னும் உப்பு போட ஆரம்பிக்கவில்லையா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்", "சரி" தவிர எதுவும் பேசுவதில்லை. அம்மாவும் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். கூடவே ஒரு கட்டுப் புரூஃபும் வருகிறது.

பெரிய ஃபாதர் குருவாகி ஐம்பது வருஷம் ஆகிறது. அவருடைய பிரசங்கங்களைப் புத்தகமாகப் போடும் வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. விழாவில் வெளியீடு. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் பாடப்புத்தகமாம். புரூஃப் பார்ப்பது நான். முதல் முப்பது பக்கத்தில் 'பலி' எல்லாம் 'பல்லி' ஆகியிருந்தது. 'ஆண்டவர் பல்லியை ஏற்றுக்கொண்டார்' என்று படித்துவிட்டு நானும் கம்போஸ் செய்யும் பெண்ணும் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

விழாக் குழுச் செயலர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உன்னிடம் அணிந்துரை வாங்கித் தரச் சொல்கிறார். அப்பா போன பிறகு அம்மாவுக்குக் குருக்கள் வீட்டுச் சமையல் வேலை, நமக்குத் தோட்டத்து ஓரத்தில் ஒரு வீடு, உனக்குப் படிப்பு, எல்லாம் பெரிய ஃபாதர் கையால் கிடைத்தவை. அவருக்குப் பூசையில் உதவிய பையன் இன்று குருக்களாகப் படிக்கிறவர்களுக்குக் குருமடத்தில் வேதம் சொல்லித்தரும் குருவானவர். "இவன் எழுதலன்னா வேற யாரு எழுதுவா" என்கிறாள் அம்மா. எழுது. வேத மேற்கோள்களையும் சரிபார்த்து அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உப்பு இன்னும் வரவில்லை. அம்மாவின் மாத்திரையை டாக்டரிடம் ஒரு தடவை மாற்றிக் கேள்.

இங்கே பரீட்சை நேரம். இருபத்திரண்டு மாணவர்கள், இருபத்திரண்டு விதமான கையெழுத்து. புரூஃபைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினேழு இடங்களில் மேற்கோள் பிழை. அணிந்துரை என்னால் முடியாது. நேரமில்லை என்று சொல்லிவிடு. பெரியவர்கள் யாராவது எழுதட்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது. அது கடிதமா தந்தியா என்று தெரியவில்லை. அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் சேர்த்து மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லாப் பக்கத்திலும் உன் சிவப்பு மை இருக்கிறது. நாலாவது பிரசங்கத்தில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. நான் குத்தி அனுப்பிய பின்னைக்கூட நீ கழற்றவில்லை. ஆண்டவர் கேட்டார் என்று, முதுமையில் பெற்ற மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போகிற தகப்பனின் கதை. அதில் இரண்டு மேற்கோள் தப்பு என்று எனக்கே தெரிகிறது.

பெரிய ஃபாதர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"பலிக்கு ஆடு எங்கே என்று மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். பதில் வந்தது. பிறகு அவன் வாய் திறக்கவில்லை. தகப்பன் கட்டினான், பிள்ளை கட்டுப்பட்டது. பிள்ளைகளே, உங்களை நேசிக்கிற பெரியவர்கள் உங்களுக்கு விளங்காத ஒன்றைச் செய்யும்போது கேள்வி கேட்காதீர்கள். வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. என் பீடத்தில் பணி செய்த ஒரு சிறுவன் அப்படித்தான் இருந்தான். இன்று அவன் ஒரு குரு."

அந்தச் சிறுவன் நீதான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு, 'வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்' என்ற இடத்தில் பேனா நின்றது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றது.

படித்தவன் நீ. இந்தக் கதையை இப்படித்தான் சொல்ல வேண்டுமா?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன். ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன், அப்படித்தான் எனக்கு வருகிறது.

இப்படிச் சொல்லக் கூடாது. வேதத்தில் கொடுமைகள் இருக்கின்றன. அவற்றை மறைக்கவும் கூடாது, சர்க்கரை தடவவும் கூடாது. ஆனால் 'இப்படி நடந்தது' என்பது வேறு, 'இப்படி நடந்துகொள்' என்பது வேறு. அந்தக் கதை கத்தியோடு முடியவில்லை. பையனைத் தொடாதே என்று தடுக்கிற குரலில்தான் முடிகிறது. முதல் பாதியை மட்டும் பிரசங்கம் செய்கிறவர்கள் கத்தியைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. மலையிலிருந்து தகப்பன் இறங்கி வேலைக்காரர்களிடம் வந்தான் என்று இருக்கிறது. மகன் இறங்கி வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு வேதத்தில் அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. தாய் இந்தக் கதையில் வாயே திறக்கவில்லை. அடுத்த அத்தியாயம் அவளுடைய சாவோடு தொடங்குகிறது. எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. அந்த மலையில் ஏதோ ஒன்று உடைந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மாணவர்களிடம் சொல்வேன்: கட்டிக் கிடக்கிறவன் இடத்தில் படுத்துக்கொண்டு ஒரு தடவை படி. கீழே பெஞ்சில் அப்படி ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் காதில் இது எப்படி விழும் என்று தெரியாமல் பிரசங்கம் செய்ய ஏறாதே. போன வாரம் ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப அந்தப் பையன் எப்படி ஃபாதர் இறங்கி வந்தான்?" எனக்குத் தெரியாது என்றேன்.

நாலாவது பிரசங்கம் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. எடுக்கச் சொல். என் பெயரைச் சொல்லாதே.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

செயலரிடம் பேசினேன்.

"சார், நாலாவது பிரசங்கத்த எடுத்துடலாமா? சின்னப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம்."

"ஏன், பிழை இருக்கா?"

"பிழை இல்ல சார். வீட்டுல சொல்லாதீங்கன்னு வருது. அது..."

"பெரிய ஃபாதரயே திருத்தற அளவுக்கு வளந்துட்டியாம்மா? கொம்பு, கால் சரியா இருக்கான்னு பாரு. அது போதும்."

முதலாளி தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எங்கள் பைண்டிங் பிரிவில் சுருட்டை வேலை செய்கிறான், உன்னோடு பூசைக்கு உதவியவன். தலையில் இப்போது சுருட்ட ஒன்றும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம். பெரிய ஃபாதரின் படம் அச்சாகி வந்த அன்று அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனவன், மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் என் மேசைக்கு வந்தான்.

"தம்பி எப்படி இருக்கான்க்கா?"

"நல்லா இருக்கான்."

"தூங்குறானா?"

நன்றாகத் தூங்குகிறாய் என்றேன். யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்பார்களா? அன்று முழுக்க எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் உன்னைப் பூசை ஒத்திகைக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஒரு நாள் நீ குருக்கள் வீட்டு கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாய். நான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சோம்பேறி என்று திட்டினேன். உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினைந்து. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை நினைத்ததில்லை. இந்த வாரம் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. நீ புரிந்துகொள்வாய். பதில் எழுது, எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா


ஜூன் 17

அக்கா,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஆறு வாரம் ஆனது. சுகம் விசாரிக்காமல் ஆரம்பித்ததற்கு மன்னித்துக்கொள்.

பத்து வயதிலிருந்து பதின்மூன்று வரை. கோயிலுக்குப் பின்னால், பூசை உடை மாற்றும் அறை. வேறு விவரம் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. முதல் நாள் அவர் அந்த மலைக் கதையைத்தான் சொன்னார். நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்தப் பையனும் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டான் என்றார்.

பிறகு ஏன் குருவானாய் என்று கேட்பாய். எல்லாரும் கேட்பார்கள். நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் தெரியும். அவர் வாயில் கேட்டதோடு அந்தக் கதையை விட்டுவிட எனக்கு மனசில்லை. உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று மூல மொழியில் பார்த்துவிட வேண்டும் என்று படிக்கப் போனேன். அப்படி எழுதியிருக்கவில்லை. அது தெரிந்த நாளில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

பத்தொன்பது வயதில் குருமட அதிபரிடம் சொன்னேன். "மன்னிச்சிடு. ஜெபம் பண்ணு. யார்கிட்டயும் பேசாத" என்றார். நான் பேசவில்லை. என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகும் இருபது வருஷம் பெரிய ஃபாதர் பங்குக் கோயில்களில் இருந்தார். எனக்குப் பின்னால் அந்த மாதிரி அறைகளுக்குள் யார் யார் போனார்கள் என்று யோசிக்கத் தொடங்கினால் எழுந்து நடந்துவிடுவேன். கட்டிக் கிடக்கிறவன் பக்கம் நில் என்று இருபத்திரண்டு பேருக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

கேட் கம்பி ஞாபகம் இருக்கிறது. உன்னை ஒரு நாளும் குறை நினைத்ததில்லை. உனக்குத் தெரியாது.

சுருட்டையிடம், நானும் தூங்குவதில்லை என்று சொல்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 23

தம்பி,

முதலில் அச்சகம். படமும் அட்டையும் அச்சாகிவிட்டன, ஆனால் உள்பக்கங்கள் இறுதிப் புரூஃபில் நான் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினில் ஏறும். போட மாட்டேன் என்றேன். முதலாளி காரணம் கேட்டார். உன் பெயரைச் சொல்லாமல் காரணத்தைச் சொன்னேன். சுருட்டை மூன்று நாள் வராதது நினைவுக்கு வந்து, அவனைக் கூப்பிட்டு உண்மையா என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். முதலாளி வேறெதுவும் கேட்காமல் மெஷின்காரரிடம் போய், அந்த வேலையை நிறுத்திவிடச் சொன்னார்.

அடுத்தது அம்மா. சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். விழாவுக்கென்று புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"அம்மா, பெரிய ஃபாதர் தம்பிய..." என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"எழுதிட்டானா?" என்றாள்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

"அப்பவே சொன்னான். குருக்கள் வீட்டு அடுக்களையில, அடுப்பு முன்னால நின்னு சொன்னான். வாய்லயே அறைஞ்சேன்."

"தெரிஞ்சுமா மறுபடி அனுப்பின? என்ன விட்டு இழுத்துட்டுப் போக வெச்ச?"

"அந்த வீடு அவரு குடுத்தது. உங்க ரெண்டு பேரயும் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது?"

அதோடு எழுந்து, கழுவி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் செய்ததை எழுதினாய். அதிபர் சொன்னதை எழுதினாய். அம்மாவை மட்டும் விட்டுவிட்டாய். அவள் மனசு தாங்காது என்றுதான் சொல்லாதே என்கிறாய் என்று நினைத்தேன். நான் அவளை வெறுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லியிருக்கிறாய்.

நாலு நாளாக நானும் அவளும் பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைக்கிறாள். சாப்பிடுகிறேன்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்கா,

அம்மாவோடு பேசு. அறை வாங்கிய அன்றே, அம்மாவைக் காப்பாற்றுவது என் வேலை என்று முடிவுசெய்துவிட்டேன். பத்து வயதுப் பையனின் முடிவு. முப்பது வருஷமாக அதை மாற்றத் தெரியவில்லை.

பிஷப் இல்லத்தில் ஆயரைப் போய்ப் பார்த்தேன்.

"அவருக்கு வயசு எண்பத்தொண்ணு. இனிமே கிளறி என்ன ஆகப்போகுது? ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார்.

"ஆண்டவர் அப்பவே பாத்துட்டாருங்க. நீங்க பாக்கணும்னுதான் வந்தேன்" என்றேன்.

இரண்டாம் நாளே, உடல்நலம் கருதி எனக்கு ஓய்வு என்று கடிதம் வந்தது. வகுப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள். கடைசி வகுப்பில் மாணவர்களிடம் சொன்னேன். எனக்கு நடந்ததையும், நான் பேசாமல் இருந்ததையும். மணி அடித்தது, எழுந்து போனார்கள். ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"நானும் ஃபாதர்" என்றான். "வேற ஊரு. வேற ஆளு."

அவனுக்கு வயது இருபது. நான் பத்தொன்பதில் அதிபர் முன்னால் நின்றதுபோல நின்றான். உனக்கு நடந்தது தப்பு, செய்தவன்மேல் புகார் கொடுக்க வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன். எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லக் கேட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். சுருட்டையும் நானும் காவல் நிலையம் போகிறோம். நீயும் வா. நம் வீட்டில் தங்க மாட்டேன், அவன் வீட்டில் இருப்பேன். அம்மாவிடம் அதற்கு ஏதாவது காரணம் சொல்.

தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அந்த மாணவன் எப்படி இருக்கிறான்? இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

விழா இல்லை என்று கோயில் கதவில் ஒட்டிவிட்டார்கள். பெரிய ஃபாதருக்கு உடல்நலக் குறைவாம். நம் புகாரை எடுத்த இன்ஸ்பெக்டர் அம்மா, அவர் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய் விசாரித்தார். உன் பெயரையும் சுருட்டை பெயரையும் சொன்னதும் சிரித்தாராம். "ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்க" என்றாராம். வேறெதுவும் ஞாபகமில்லையாம். முதலாளி அச்சான தாளையெல்லாம் கூழாக்கும் ஆலைக்கு ஏற்றிவிட்டார். செயலர் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. சுருட்டை வீட்டு ஜன்னல் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். ஆனால் அவனைத் தேடி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறவர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார்.

வக்கீல் சொல்கிறார், எல்லாம் பழசு, சாட்சி இல்லை, உன் பழைய அதிபர் உயிரோடு இல்லை, நடந்த காலத்திலேயே வீட்டில் யாரிடமாவது சொல்லியிருந்தால் வழக்குக்குப் பலம் இருக்கும் என்று. இன்ஸ்பெக்டர் அம்மா அதைத்தான் உன்னிடம் கேட்டார். நீ இல்லை என்றாய். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், குத்திக்காட்டத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நேற்றுக் காலை பத்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து தண்ணீர் கேட்டாள். எங்கே போனாய் என்றேன். "அவனுக்கு நானே எழுதிக்கிறேன்" என்றாள்.

அக்கா


செப்டம்பர் 19

மகனுக்கு,

அம்மா எழுதறேன். நல்லா இருக்கியான்னு கேக்க எனக்கு முகம் இல்ல. எழுதி ரொம்ப வருஷமாச்சு, எழுத்து கோணலா இருக்கும், பாத்துப் படி.

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. நீ வீட்டுல யார்கிட்டயும் சொல்லலன்னு எழுதிக் குடுத்தத படிச்சுக் காட்டினாங்க. அது பொய்யின்னு சொன்னேன். என்கிட்ட சொன்னான்னு சொன்னேன். எல்லாத்தயும் மறந்துட்டேன்னுதான் இத்தன நாளா நெனச்சிருந்தேன். சொல்ல ஆரம்பிச்சா ஒண்ணுமே மறக்கல. அன்னைக்கு நீலச் சட்ட போட்டிருந்த. மேல் பட்டன் இல்ல. நீ சொன்ன வார்த்தயெல்லாம் அப்படியே சொன்னேன். அறைஞ்சதச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை உனக்குத் தல சீவி அனுப்பினதயும் சொன்னேன்.

"இதச் சொன்னா உங்க மேலயும் தப்பு வரும்மா, தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியும்னேன்.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. வீடு போயிடும்னு பயந்தேன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். உங்க அக்காகிட்ட அதத்தான் சொன்னேன். அங்க உக்காந்தப்ப அது வரல. நான் அவர நம்பினேன், எம்பிள்ளைய நம்பலன்னு சொன்னேன். அத அப்படியே எழுதிக்கிட்டு, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கினாங்க.

கேஸ் நடக்கும்போது எல்லார் முன்னாலயும் இதச் சொல்லணுமாம். சொல்லுவேன்.

உன்கிட்ட மன்னிப்புக் கேக்கல. நீ குருவானவன், கேட்டா குடுத்தே ஆகணும்னு நெனப்ப. அதனால கேக்கல.

அம்மா